உருளைப்புழுக்கள்: உருவத்தையும் வாழ்வையும் சொல்லும் சொற்கள்

புழு, பூச்சி என்ற இரண்டு சொற்களுக்குள் தமிழ் வழக்கு எண்ணற்ற உயிர்களை அடக்கிவிடுகிறது. மழை பெய்த மண்ணில் நெளியும் மண்புழு, கத்தரிக்காயைத் துளைக்கும் காய்ப்புழு, கூடு கட்டும் பட்டுப்புழு, குழந்தைகளின் வயிற்றில் வளரும் குடற்புழு ஆகிய யாவும் நீண்டு நெளிந்து ஊர்வதால் ஒரே பெயரைப் பெற்றவை. சில ஊர்களில் நாக்குப்பூச்சி என்பது குடற்புழுவையும் வேறு சில ஊர்களில் மண்புழுவையும் குறிக்கிறது. ஆனால் விலங்கியல் இவற்றை வெவ்வேறு தொகுதிகளில் வைக்கிறது: மண்புழு வளைத்தசைப் புழுக்களைச் சேர்ந்தது, காய்ப்புழுவும் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிகளின் இளம்பருவங்கள், குடலில் வாழும் நீண்ட வெண்ணிறப் புழுவோ நெமட்டோடா எனப்படும் உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது. பயிர்களின் வேரைத் தாக்கும், வேளாண் துறையினர் நூற்புழுக்கள் என்று அழைக்கும் இனங்களும் இத்தொகுதியைச் சேர்ந்தவையே.

இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட உருளைப்புழு இனங்கள் 25,000க்கு மேற்பட்டவை. இன்னும் விவரிக்கப்படாதவை இதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இவ்வளவு இனங்களும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைப் பிரித்தறிய ஒரு தனிச் சொற்களஞ்சியமே உருவாயிற்று. அச்சொற்கள் அறிஞர்களுக்கு மட்டும் உரியவையாகத் தோன்றினாலும், உடலின் எந்த உறுப்பைக் கொண்டு புழு உண்கிறது, எந்தப் பருவத்தில் தொற்றுகிறது, எந்த உயிரின் வழியாகப் பரவுகிறது என்பவற்றையே அவை சொல்கின்றன. ஒரு புழுவை எந்த இடத்தில் தடுக்கலாம், எந்தப் புழுவைத் தடுக்கவே கூடாது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அச்சொற்களில்தான் இருக்கிறது.

குழாய்க்குள் ஒரு குழாய்

உருளைப்புழுவின் உடல் இரு முனைகளிலும் குறுகி, குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரியும் நீண்ட குழாய். மண்புழுவில் காணப்படும் கண்டங்கள் இதில் இல்லை. மேற்பரப்பில் தெரியும் நுண்ணிய வரிகள் தோலின் மேல் மட்டும் ஓடுபவை. நாடாப்புழுவைப் போல இது தட்டையானதும் அன்று. வாயில் தொடங்கி மலவாயில் முடியும் உணவுப்பாதை ஒரு குழாயாகவும், அதைச் சூழ்ந்த உடற்சுவர் மற்றொரு குழாயாகவும் அமைய, இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் திரவம் நிறைந்திருக்கிறது. இவ்வெளிக்குப் போலி உடற்குழி என்று பெயர். மண்புழுவிலும் மனிதரிலும் உடற்குழியை எல்லாப் பக்கமும் உயிரணுப் படலம் ஒன்று சூழ்ந்திருக்க, உருளைப்புழுவில் குடலின் பக்கம் அப்படலம் இல்லாமையால் இப்பெயர் அமைந்தது.

இத்திரவம் உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. காற்றடித்த சைக்கிள் டியூப் விறைத்து நிற்பதைப் போல, எலும்பில்லாத இவ்வுடலும் உள்ளழுத்தத்தால் விறைப்பைப் பெறுகிறது. இதனை நீர்மச் சட்டகம் என்பர். உடற்சுவரில் தலையிலிருந்து வால்நோக்கி ஓடும் நீள்தசைகள் மட்டுமே உள்ளன, உடலைச் சுற்றி ஓடும் வட்டத்தசைகள் இல்லை. ஆகவே மண்புழுவைப் போலச் சுருங்கி நீண்டு நகர உருளைப்புழுவால் இயலாது. உடலை அலையலையாக வளைத்தே அது முன்னேறுகிறது. இதயமோ நுரையீரலோ இரத்தக்குழாயோ அதற்கு இல்லை. உடல் மெல்லியதாக இருப்பதால் ஆக்ஸிஜன் தோலின் வழியாகவே உள்ளே பரவுகிறது.

உடலை வெளியே போர்த்தியிருக்கும் உயிரற்ற உறைக்குக் கியூட்டிகிள் என்று பெயர். பெரிதும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன இவ்வுறை, மனிதக் குடலின் செரிமான நொதிகளிலிருந்து குடற்புழுவைக் காக்கிறது. புழு வளரும்போது இவ்வுறை போதாமற்போவதால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதை அணிகிறது, இதுவே தோலுரித்தல். உருளைப்புழு தன் வாழ்நாளில் நான்கு முறை தோலுரிக்கிறது. 1997ஆம் ஆண்டில் வெளியான ஒரு மரபியல் ஆய்வு, தோலுரிக்கும் விலங்குகள் அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்று முன்வைத்தது. அதன்படி உருளைப்புழுவுக்கு மண்புழுவைவிடக் கரப்பானும் இறாலும் நெருங்கிய உறவினர் ஆகின்றன.

தலைப்பகுதியின் இருபுறமும் அமைந்த ஆம்ஃபிட் எனப்படும் நுண்குழிகள் வேதிப்பொருள்களை மோப்பம் பிடிப்பவை. வாலருகே சில இனங்களில் ஃபாஸ்மிட் எனப்படும் குழிகளும் உள்ளன. 1930களில் தொடங்கி நெடுங்காலம், ஃபாஸ்மிட் உள்ளவை, இல்லாதவை என்றே இத்தொகுதி இரண்டாகப் பகுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் மரபணுக்களை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வு ஐந்து பெருங்கிளைகளைக் காட்டியதுடன், விலங்குகளில் ஒட்டி வாழும் வழக்கமும் தாவரங்களில் ஒட்டி வாழும் வழக்கமும் ஒரே மூலத்திலிருந்து பரவாமல், வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பலமுறை தோன்றின என்பதையும் புலப்படுத்தியது. கொக்கிப்புழுவையும் யானைக்கால் புழுவையும் ஒரே வழியில் தடுக்க முடியாததற்கு இந்தத் தனித்தனி வரலாறும் ஒரு காரணம்.

அளவுகளும் விகிதங்களும்

உருளைப்புழுக்களின் நீளம் வியக்கத்தக்க வகையில் வேறுபடுகிறது. மண்ணில் வாழும் பெரும்பாலான இனங்கள் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. மனிதக் குடலில் வாழும் அஸ்காரிஸ் பெண்புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் நஞ்சுக்கொடியில் கண்டறியப்பட்ட ஓர் இனம் எட்டு மீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஒரே இனத்திற்குள்ளும் உணவின் அளவைப் பொறுத்து நீளம் கூடியும் குறைந்தும் வருவதால், நீளத்தை மட்டும் கொண்டு இனத்தைத் தீர்மானிக்க இயலாது. இச்சிக்கலுக்கு டச்சு விலங்கியலார் யோஹானஸ் டி மான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தீர்வைத் தந்தார்: அளவுகளுக்குப் பதிலாக விகிதங்களைக் கணக்கிடுவது. உடல் நீளத்தை உடலின் அதிகபட்ச அகலத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு விகிதம். அதே நீளத்தைத் தொண்டையின் நீளத்தால் வகுத்தால் இரண்டாவது. வாலின் நீளத்தால் வகுத்தால் மூன்றாவது. பெண்புழுவின் இனப்பெருக்கத் துளை தலையிலிருந்து உடல் நீளத்தில் எத்தனை விழுக்காட்டில் அமைந்துள்ளது என்பதும் இவற்றுடன் சேர்க்கப்படுகிறது. இன்றும் ஒரு புதிய இனத்தை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை டி மானின் இவ்விகிதங்களைத் தராமல் வெளிவருவது அரிது.

ஆண்புழுவின் வால்பகுதியும் இனங்காண்பதற்கு உதவுகிறது. கலவியின்போது பெண்புழுவின் துளையை விரித்துப் பிடிக்கும் கடினமான புணர்முட்களின் நீளமும் வளைவும், வாலின் இருபுறமும் விரியும் சிறகு போன்ற படலத்தின் அமைப்பும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. பேரிக்காய் வடிவில் பருத்து வேருக்குள் அசையாமல் கிடக்கும் வேர்முடிச்சு நூற்புழுவின் பெண்ணிலோ இத்தகைய அடையாளங்கள் ஏதும் இல்லை. 1949ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிட்வுட், அப்பெண்புழுவின் மலவாயையும் இனப்பெருக்கத் துளையையும் சூழ்ந்த தோல்வரிகளின் அமைப்பைக் கொண்டு, அதுவரை ஒரே இனமாகக் கருதப்பட்டதைப் பல இனங்களாகப் பிரித்துக் காட்டினார்.

இப்பகுப்பு உழவருக்கு நேரடியாகப் பயன்பட்டது. தக்காளிக்குப் பின் நிலக்கடலை விதைத்தால் சில நிலங்களில் வேர்முடிச்சு குறைவதும் வேறு சில நிலங்களில் பெருகுவதும் அதுவரை விளங்காதிருந்தது. மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்னும் இனம் நிலக்கடலை வேரில் பெருகுவதில்லை என்பதும், மெலாய்டோகைன் அரனேரியாவின் ஒரு பிரிவு அதே வேரில் செழித்துப் பெருகும் என்பதும் தெரிந்தபின், பயிர்ச்சுழற்சியைத் திட்டமிடுவதற்கு முன் நிலத்திலுள்ள இனத்தை அறிவது இன்றியமையாததாயிற்று.

வாயின் வடிவமும் உணவும்

உருளைப்புழு எதை உண்கிறது என்பதை அதன் வாயே சொல்லிவிடும். பாக்டீரியாவை உண்ணும் இனங்களின் வாய் திறந்த குழாயாக இருக்கும். பிற நூற்புழுக்களைப் பிடித்துத் தின்னும் இனங்களுக்கு வாய்க்குழியில் பற்கள் இருக்கும். பூஞ்சை இழைகளையும் தாவர வேர்களையும் உறிஞ்சும் இனங்களுக்கு ஸ்டைலெட் எனப்படும் உட்புழையுள்ள குத்தூசி இருக்கும். குத்தூசியால் உயிரணுவின் சுவரைத் துளைத்து, உமிழ்நீரை உட்செலுத்தி, கரைந்த உணவைத் தசைவலிமை மிக்க தொண்டையால் உறிஞ்சுவது இவற்றின் முறை. பாக்டீரியா உண்பவை, பூஞ்சை உண்பவை, தாவரம் உண்பவை, இரைகொல்லிகள், அனைத்துண்ணிகள் என்ற ஐந்து உணவுக் குழுக்களாக மண் நூற்புழுக்களைப் பிரிப்பது இவ்வாயமைப்பைக் கொண்டே.

இக்குழுக்களுள் பயிரைத் தாக்குவது ஒன்றே ஒன்று. நூற்புழு என்ற சொல்லைப் பயிர்நோயுடன் மட்டும் சேர்த்துக் கேட்டுப் பழகியதால், மண்ணின் வளத்திற்கு மற்றவை செய்யும் பணி பலருக்குத் தெரியாமலே போகிறது. பாக்டீரியாவின் உடலில் நூற்புழுவுக்குத் தேவையானதைவிட அதிக நைட்ரஜன் இருப்பதால், பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழு மிகுதியான நைட்ரஜனை அம்மோனியமாக வெளியேற்றுகிறது. வேர்கள் அதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. 2019ஆம் ஆண்டில் உலகின் எல்லாக் கண்டங்களிலிருந்தும் திரட்டிய மண் மாதிரிகளைக் கொண்டு வெளியான ஆய்வு, மேல்மண்ணில் வாழும் நூற்புழுக்களின் மொத்த எடை ஏறத்தாழ 30 கோடி டன் என்று கணக்கிட்டது. உலகிலுள்ள விலங்குகளைத் தலைக்கணக்கில் எண்ணினால் ஐந்தில் நான்கு நூற்புழுவாகவே இருக்கும் என்பது இத்துறையினரின் கணிப்பு.

நெதர்லாந்து ஆய்வாளர் டாம் போங்கர்ஸ் 1990ஆம் ஆண்டில் இவ்வறிவை ஓர் அளவுகோலாக்கினார். விரைவில் பெருகி, எரு கொட்டிய இடத்தில் உடனே திரளும் குடும்பங்களுக்கு ஒன்று என்றும், மெதுவாகப் பெருகி, மண் சிறிது கலைந்தாலும் மறைந்துவிடும் குடும்பங்களுக்கு ஐந்து என்றும் மதிப்பளித்து, ஒரு பிடி மண்ணிலுள்ள நூற்புழுக்களின் சராசரி மதிப்பைக் கணக்கிட்டால் அம்மண் எந்த அளவுக்குக் குலைந்திருக்கிறது அல்லது நிலைபெற்றிருக்கிறது என்பது தெரியவரும். இதற்கு முதிர்ச்சிக் குறியீடு என்று பெயர்.

பருவங்கள் சொல்லும் செய்தி

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு நான்கு இளம்பருவங்களைக் கடந்து முதிர்புழு ஆகிறது. இந்நான்கில் ஏதேனும் ஒன்று, பெரும்பாலும் மூன்றாவது, தொற்றுப்பருவமாக அமைகிறது. அப்பருவம் உண்பதில்லை, சேமித்த கொழுப்பைக் கொண்டு ஓம்புயிரைத் தேடிக் காத்திருக்கிறது. ஓம்புயிர் என்பது ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிர்.

கொக்கிப்புழு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அன்கைலோஸ்டோமா, நெக்கேட்டர் என்ற இரண்டு பேரினங்களைச் சேர்ந்த இப்புழுக்கள் சிறுகுடலின் உட்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சி, தாய்மார்களிடமும் குழந்தைகளிடமும் கடும் இரத்தசோகையை உண்டாக்குபவை. மலத்துடன் மண்ணில் விழும் முட்டையிலிருந்து முதலில் வருவது குறுகிய, குமிழுள்ள தொண்டை கொண்ட ராப்டிடிஃபார்ம் இளம்புழு. அது பாக்டீரியாவை உண்டு வளர்ந்து, இரண்டு முறை தோலுரித்தபின், நீண்டு மெலிந்த தொண்டையுடைய ஃபைலேரிஃபார்ம் இளம்புழுவாகிறது. முன்னது மனிதரைத் தொற்றாது. பின்னதுதான் வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. தோலின் வழியே நுழையும் இவ்வழியைக் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்தர் லூஸ், இளம்புழுக்கள் நிறைந்த நீர் தம் கையில் தற்செயலாகச் சிந்தியதைத் தொடர்ந்து, 1898ஆம் ஆண்டில் கண்டறிந்தார். உணவும் நீரும் தூய்மையாக இருந்தால் மட்டும் போதாது, கழிப்பறையும் காலணியும் வேண்டும் என்பது அதன்பின்னரே உறுதியாயிற்று. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு 1916ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களிடையே தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணியும், 1920களில் சென்னை மாகாணத்தில் மேற்கொண்ட பணியும், மருந்து கொடுப்பதுடன் கழிப்பறை அமைப்பதையும் வலியுறுத்தியதற்கு இதுவே அடிப்படை.

முட்டையின் நிலையைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே பயன் தருகிறது. அஸ்காரிஸ் பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகளை இடுகிறது. ஆனால் புதிதாக வெளியேறிய முட்டை தொற்றுவதில்லை, மண்ணில் சில வாரங்கள் கிடந்து கருவளர்ந்த முட்டையாக மாறியபின்னரே தொற்றும். ஆகவே இப்புழு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே பரவாமல் மண்ணின் வழியாகவே பரவுகிறது. கழுவாத காய்கறியும் மண்படிந்த விரல்களும் அதன் வழிகள். கீரிப்பூச்சி எனப்படும் சிறிய வெண்புழுவோ இரவில் மலவாயின் வெளிப்புறத்தில் வந்து முட்டையிடுகிறது. அம்முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைவதால், சொறிந்த விரலும் படுக்கைவிரிப்பும் அதைப் பரப்பப் போதுமானவை. கீரிப்பூச்சி கண்ட குழந்தைக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவருக்கும் மருத்துவர் ஒரே நேரத்தில் மாத்திரை தருவது இதனால்தான்.

ஓம்புயிர்களும் கடத்திகளும்

சில உருளைப்புழுக்களுக்கு வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க இரண்டு ஓம்புயிர்கள் வேண்டியிருக்கின்றன. புழு முதிர்ந்து இனப்பெருக்கம் செய்யும் உயிர் முதன்மை ஓம்புயிர். இளம்பருவங்கள் வளரும் உயிர் இடைநிலை ஓம்புயிர். இடைநிலை ஓம்புயிரே புழுவை அடுத்தவரிடம் கொண்டுசேர்க்கும் பூச்சியாக இருந்தால் அது நோய்கடத்தி.

தமிழில் நரம்புச் சிலந்தி என்று அழைக்கப்பட்ட கினிப்புழு, ஒரு மீட்டர் வரை நீண்டு, காலின் தோலைப் பிளந்துகொண்டு வெளிவருவது. குளத்திலோ படிக்கிணற்றிலோ கால் நனையும்போது அது இலட்சக்கணக்கான இளம்புழுக்களை நீரில் விடுகிறது. 1870ஆம் ஆண்டில் ரஷ்ய இயற்கையாளர் அலெக்ஸேய் ஃபெட்சென்கோ, அவ்விளம்புழுக்கள் சைக்ளோப்ஸ் என்னும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நீர்வாழ் உயிரின் உடலில் வளர்வதைக் கண்டார். அந்நீரைக் குடிப்பவர் ஓராண்டு கழித்து நோயுறுகிறார். இப்புழுவைக் கொல்லும் மருந்தோ தடுப்பூசியோ இன்றுவரை இல்லை. ஆயினும் இடைநிலை ஓம்புயிர் எது என்று தெரிந்ததால், குடிநீரைத் துணியில் வடிகட்டுவதும், படிக்கிணறுகளுக்குப் பதிலாகக் கைப்பம்புகளை அமைப்பதும் போதுமானவையாயின. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் இருந்த இந்நோய் இந்தியாவில் கடைசியாக 1996ஆம் ஆண்டில் ராஜஸ்தானில் காணப்பட்டது; 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாகச் சான்றளித்தது. 1986ஆம் ஆண்டில் உலகெங்கும் 35 இலட்சம் பேரைப் பற்றியிருந்ததாக மதிப்பிடப்பட்ட நோய், 2023ஆம் ஆண்டில் 14 பேரிடம் மட்டுமே பதிவாயிற்று.

யானைக்கால் நோயை உண்டாக்கும் வுச்செரீரியா பான்கிராஃப்டி நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. அதன் பெண்புழு முட்டையிடுவதில்லை. மைக்ரோஃபைலேரியா எனப்படும் நுண்ணிய இளம்புழுக்களையே ஈனுகிறது. 1872ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் இவற்றை மனித இரத்தத்தில் கண்டார். 1877ஆம் ஆண்டில் சீனாவின் அமாய் நகரில் பேட்ரிக் மான்சன், இவை கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டினார். மனித நோய் ஒன்றின் கிருமி பூச்சியின் உடலில் வளர்கிறது என்பது நிறுவப்பட்டது அப்போதுதான். மைக்ரோஃபைலேரியாக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக்குழாய்களில் தங்கி, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரையில் தோலருகேயுள்ள இரத்தத்தில் மிகுதியாக வருகின்றன. கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. இரவுக் காலமுறை எனப்படும் இப்பண்பைக் கருதியே சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாகச் சென்று இரத்த மாதிரி எடுக்கின்றனர்.

மலேரியாக் கிருமியைப் போல இப்புழு கொசுவின் உடலில் பெருகுவதில்லை. உள்ளே சென்ற எண்ணிக்கையைவிட அதிகமாக வெளிவருவதும் இல்லை. எனவே கொசுக்களின் எண்ணிக்கையையும் இரத்தத்திலுள்ள இளம்புழுக்களையும் ஒருசேரக் குறைத்தால் சங்கிலி அறுந்துவிடும். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1980களின் தொடக்கத்தில் அந்நகரில் கொசு பெருகும் இடங்களை அகற்றும் திட்டத்தைச் செயல்படுத்தியது. முதிர்புழு பல ஆண்டுகள் உயிர்வாழ்வதால், ஊர் மக்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் மருந்து கொடுக்கும் முறை பின்னர் பரவலாயிற்று. இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமற்போனதை 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

வேரின் உள்ளும் புறமும்

தாவர நூற்புழுக்களை விவரிக்கும் சொற்கள் அவை உண்ணும் இடத்தையும் நகரும் இயல்பையும் சேர்த்துக் கூறுகின்றன. வேருக்கு வெளியே உடலை வைத்துக் குத்தூசியை மட்டும் நுழைப்பவை புற ஒட்டுண்ணிகள். வேருக்குள் முழுவதும் நுழைபவை அக ஒட்டுண்ணிகள். நுழைந்தபின் தொடர்ந்து நகர்ந்து திசுக்களை அழிப்பவை இடம்பெயர்பவை. ஓரிடத்தில் தங்கிவிடுபவை நிலைத்திருப்பவை. வாழை வேரைக் குடைந்து, காற்றடிக்கும்போது மரத்தையே சாய்த்துவிடும் துளைப்பு நூற்புழு இடம்பெயரும் அக ஒட்டுண்ணி. வேர்முடிச்சு நூற்புழு நிலைத்திருக்கும் அக ஒட்டுண்ணி. துளைப்பு நூற்புழு நடவுக்கிழங்குடன் பயணம் செய்வதால், கிழங்கின் மேற்புறத்தைச் சீவி நீக்கி, நூற்புழு இல்லாத கன்றுகளை நடுவது முதற்காப்பு. வேர்முடிச்சு நூற்புழு மண்ணிலேயே காத்திருப்பதால், பயிர்ச்சுழற்சியும், வேப்பம் புண்ணாக்கு இடுவதும், வேர்களிலிருந்து நூற்புழுவைக் கொல்லும் பொருளைச் சுரக்கும் செண்டுமல்லியை வளர்ப்பதும் அதற்கு எதிராகப் பயன்படுகின்றன.

உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிற நூற்புழு மற்றொரு சொல்லைக் கற்றுத்தருகிறது. அதன் பெண்புழு இறந்தபின் உடற்சுவர் கடினமாகிப் பழுப்பு நிற உறையாக மாறி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கிறது. முட்டைக்கூடு எனப்படும் இவ்வுறை மண்ணில் இருபது ஆண்டுகள்கூடக் கெடாமல் இருக்கும். உருளைக்கிழங்கின் வேர் கசியவிடும் வேதிப்பொருள் பட்டதும் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். 1961ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் இப்புழு கண்டறியப்பட்டபின், நீலகிரியின் விதைக்கிழங்கு வேறு பகுதிகளுக்குச் செல்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. முட்டைக்கூட்டை மருந்தால் அழிப்பது கடினம் என்பதால், எதிர்ப்புத்திறன் கொண்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்ற இரகங்களும் நீண்ட பயிர்ச்சுழற்சியும் மலைவிவசாயிகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டன.

எண்ணி முடித்த உயிரணுக்கள்

உருளைப்புழுக்களுள் சில இனங்களின் உடலில் உயிரணுக்களின் எண்ணிக்கை முன்பே வரையறுக்கப்பட்டது. இப்பண்பை மாறா எண்ணுடைமை எனலாம். மண்ணில் பாக்டீரியாவை உண்டு வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் புழுவின் இருபாலுயிரி வடிவில் இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக 959 உயிரணுக்களும், அவற்றுள் 302 நரம்பணுக்களும் உள்ளன. இருபாலுயிரி என்பது ஒரே உடலில் விந்தணுவையும் முட்டையையும் உண்டாக்குவது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர் 1960களில் இப்புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அவருடன் சேர்ந்த ஜான் சல்ஸ்டன், ஒளி ஊடுருவும் அதன் உடலில் ஒவ்வோர் உயிரணுவும் எந்த அணுவிலிருந்து பிறந்தது என்பதைப் பின்தொடர்ந்து, வளர்ச்சியின்போது 131 அணுக்கள் திட்டமிட்டபடி இறந்துவிடுவதையும் கண்டார். திட்டமிட்ட உயிரணு இறப்பை ஆளும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். மூவருக்கும் 2002ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1998ஆம் ஆண்டில் பல உயிரணு விலங்குகளுள் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இப்புழுவுக்கே. உணவு குறைந்து நெருக்கடி மிகும்போது இது டாவர் என்னும் உறங்குபருவத்துக்குள் சென்று, வழக்கமான சில வார வாழ்நாளைப் பல மாதங்களாக நீட்டித்துக்கொள்கிறது. டாவர் பருவமும் கொக்கிப்புழுவின் தொற்றுப்பருவமும் அமைப்பில் ஒத்திருப்பதால், ஒன்றை ஆராய்ந்து பெற்ற அறிவு மற்றொன்றைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது. குடற்புழு மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன, புழுக்கள் அவற்றை எதிர்க்க எவ்வாறு கற்றுக்கொள்கின்றன என்பவற்றில் பெரும்பகுதியும் தீங்கற்ற இச்சிறு புழுவிடமிருந்தே அறியப்பட்டது.

மருந்தும் பொறுப்பும்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் ஏறத்தாழ 150 கோடி மக்களின் உடலில் இருக்கின்றன. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பென்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. இம்மருந்து புழுவின் உயிரணுக்களுக்கு உட்சட்டமாக விளங்கும் டியூபுலின் புரதத்துடன் இணைந்து, அது நுண்குழல்களாக அமைவதைத் தடுக்கிறது. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த பாக்டீரியாவிலிருந்து உருவான ஐவர்மெக்டின், புழுவின் நரம்பிலும் தசையிலும் செயல்பட்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. இதற்காக ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெலும் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்குபெற்றனர்.

ஆயினும் மருந்து குடலிலுள்ள புழுவை மட்டுமே அகற்றும்; மண்ணிலுள்ள கருவளர்ந்த முட்டைகளையும் தொற்றுப்பருவ இளம்புழுக்களையும் அது தொடுவதில்லை. கழிப்பறையும் தூய நீரும் இல்லாத இடத்தில், மாத்திரை உண்ட குழந்தை சில மாதங்களில் மீண்டும் தொற்றுக்கு ஆளாகிறது. ஆடுகளின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு, இம்மருந்துகளை மீண்டும் மீண்டும் கொடுத்ததால் பல நாடுகளில் அவற்றுக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டது. மனிதப் புழுக்களில் அந்நிலை வராமல் காக்க வேண்டுமானால் மருந்தையும் சுகாதாரத்தையும் சேர்த்தே முன்னெடுக்க வேண்டும்.

வயலிலும் இப்பாடமே பொருந்தும். நூற்புழு அனைத்தையும் பகையாகக் கருதி மண்ணை நஞ்சாக்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட டிபிசிபி என்னும் நூற்புழுக்கொல்லி அதைத் தயாரித்த ஆண்தொழிலாளர்களை மலடாக்கியது 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிப்பட்டு, பின்னர் அது தடைசெய்யப்பட்டது. பயிரைத் தாக்கும் சிலவற்றுக்காக, வேருக்கு நைட்ரஜன் தருபவற்றையும், பூச்சிகளின் உடலில் புகுந்து தம்முடன் கொண்டுசெல்லும் பாக்டீரியாவால் இரண்டு நாளில் அவற்றைக் கொல்லும் ஸ்டெய்னர்நீமா போன்ற உழவரின் துணைவர்களையும் சேர்த்து அழிப்பது அறிவுடைமை ஆகாது.

ஆகவே உருளைப்புழுக்களை விவரிக்கும் சொற்கள் ஆய்வகத்துக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியவை அல்ல. தொற்றுப்பருவம் எது என்று தெரிந்த தாய், குழந்தை வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்பதைத் தடுப்பாள். இடைநிலை ஓம்புயிர் எது என்று தெரிந்த ஊர், தன் குடிநீரையும் சாக்கடையையும் காக்கும். தன் நிலத்திலுள்ள இனத்தை மண் பரிசோதனையால் அறிந்த உழவர், எந்தப் பயிருக்குப்பின் எதை விதைப்பது என்று முடிவுசெய்வார். பள்ளிப் பாடநூலும் வேளாண் விரிவாக்கப் பணியும் ஊராட்சிச் சுகாதார மையமும் இச்சொற்களை எளிய தமிழில் விளக்கி மக்களிடம் சேர்ப்பது, மாத்திரையும் மருந்தும் வழங்குவதற்கு இணையான நோய்த்தடுப்புப் பணியே ஆகும்.